கூண்டு ஏற்றினால் புயல் நிற்குமா?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கடலூரில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும். "துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்களாமே, ஒண்ணா மூணா?" டீக்கடையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை உண்டு. 10 என்றால் பெரிய ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

கூண்டு ஏற்றுவதால் புயல் நிற்காது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் கூண்டு ஏறியதும் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். வலையைச் சுருட்டி உள்ளே வைக்கிறார்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர் வாங்கி வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் ஒரு கும்பிடு. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

'மாற்ற முடியாததை ஏற்றுக்கொள்' என்று பெரியவர்கள் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். கஷ்டத்தில் இருக்கும்போது அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். எனக்கும் வந்தது. அந்த வாக்கியத்துக்கு உண்மையில் என்ன அர்த்தம், அதில் கடவுள் நம்பிக்கைக்கு என்ன வேலை என்பதை, இதை முதல்முறையாக யோசிக்கிறவர்களுக்காக எழுதிப் பார்க்கிறேன். நான் மனநல மருத்துவரும் இல்லை, சொற்பொழிவாளரும் இல்லை.

ஏற்பு என்றால், நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொள்வது. அவ்வளவுதான். அது நமக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று இல்லை. நியாயம் என்று தோன்ற வேண்டியதில்லை. அழக் கூடாது என்றும் இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்து "போச்சு" என்று சொல்லி உட்கார்ந்தவர், அந்த ஒரு சொல்லில் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். அந்தச் சொல் வாயில் வந்த பிறகுதான் மரத்தை அறுத்து அப்புறப்படுத்த முடியும், அடுத்த குழி வெட்ட முடியும். பலா விதை போட்டால் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். தெரிந்துதான் போட்டார்கள். "போச்சு" என்று சொல்வதற்கும் குழி வெட்டுவதற்கும் நடுவே எத்தனை நாள் போகும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதில் யாரும் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு 62 வயதில் கதவு நிலையில் தோள் இடிக்க ஆரம்பித்தது. பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று நினைத்தோம். பாண்டியில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது க்ளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் நோய். பெரும்பாலும் வலியே இருக்காது. முதலில் ஓரப் பார்வை போகும். நேர்ப் பார்வை நன்றாகவே இருப்பதால் போவது ஆளுக்கே தெரியாது. டாக்டர் சொன்னது இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது: "போன பார்வை போனதுதாம்மா. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். ஆயுசுக்கும் தினம் சொட்டு போடணும்."

மூன்றே வாக்கியம். எனக்கு முதல் வாக்கியம் காதில் ஏறவில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு சென்னையில் ஒரு இடம், அப்புறம் இன்னொரு இடம் என்று அலைந்தேன். யாரோ சொன்னார்கள் என்று மூலிகை எண்ணெய்கூட வாங்கி வந்தேன். (நல்லவேளை, அம்மா அதைக் கண்ணில் விடவில்லை. வீணாகப் போகிறதே என்று விளக்கில் ஊற்றிவிட்டார்.) எங்கே போனாலும் அதே பதில்தான்.

அம்மாவுக்கோ முதல் வாக்கியம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்திவிட்டு வந்தார். "இனி அவ பாத்துப்பா" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. நான்கு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனால் கண் அழுத்தம் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒரு மாதத்துக்கு வரவேண்டிய சொட்டு மருந்து பாட்டில், முதல் பாட்டிலே, தீரவில்லை. கேட்டால், "வராத பார்வைக்கு எதுக்குடா தினமும் மருந்து?"

ஒரே வீடு, ஒரே நோய், ரெண்டு தப்பு. நான் மாற்ற முடியாததோடு மல்லுக்கட்டினேன். அம்மா மாற்ற முடிந்ததையும் சேர்த்துக் கைகழுவிவிட்டார். பார்க்கிறவர்களுக்கு என்னுடையது பாசம் மாதிரியும் அம்மாவுடையது பக்குவம் மாதிரியும் தெரிந்ததுதான் வேடிக்கை. அக்கம்பக்கத்தில் அம்மாவைத்தான் பாராட்டினார்கள்.

மாற்ற முடிந்தது ஒரு மூட்டை, முடியாதது இன்னொரு மூட்டை என்று யாரும் நமக்குப் பிரித்துக் கட்டித் தருவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு விஷயத்துக்கு உள்ளேயும் ஒரு கோடு ஓடுகிறது. நோய் ஒன்றுதான். போன பார்வை கோட்டுக்கு அந்தப் பக்கம், இருக்கிற பார்வை இந்தப் பக்கம். புயலும் அப்படித்தான். காற்று அந்தப் பக்கம், படகைக் கட்டும் கயிறு இந்தப் பக்கம். மனத்தைத் தேற்றிக்கொள்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். பல சமயம் அது நமக்குத் தெரியாது. டாக்டரோ வக்கீலோ, அந்த வழியில் முன்பே போய்வந்த ஒருவரோ சொல்லித்தான் தெரியும்.

கோட்டை யார் போடுவது?

விதி, தலையெழுத்து, கிரகம், 'கொடுத்து வச்சது அவ்வளவுதான்' என்று தமிழில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றை ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கும் அடுத்தவருக்குச் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்து நிற்கிற பெண்ணிடம், "உன் தலையெழுத்து, பொறுத்துப் போ" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்களே, அதற்கும் ஏற்புக்கும் சம்பந்தமே இல்லை. அவளை அடிப்பது புயலா என்ன? நிறுத்தக்கூடிய ஒரு ஆள் அடிக்கிறான். அங்கே கோட்டை வேறு யாரோ தங்கள் வசதிக்கு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு விஷயத்தை 'விதி' என்று யாராவது உங்களிடம் சொன்னால், அப்படிச் சொல்வதால் யாருக்கு வேலை மிச்சமாகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

வடலூர் எங்கள் மாவட்டம்தான். 1867-இல் வள்ளலார் அங்கே தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவரைவிடப் பெரிய பக்தர் யார்? ஆனால் பசியை அவர் விதியின் கணக்கில் எழுதவில்லை. உலை வைத்தார். (சாவைக்கூடக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துவிட முடியும் என்றவர் அவர். அது தனி விவாதம்.)

திருக்குறளில் 38-ஆவது அதிகாரம் ஊழ். ஊழைவிட வலிமையானது வேறு என்ன இருக்கிறது என்று கேட்டு முடியும். 62-ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை. சோர்ந்துபோகாமல் முயல்கிறவர் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்று முடியும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது, 'இவர் ஏதாவது ஒண்ணு சொல்லக் கூடாதா' என்று தோன்றியிருக்கிறது. டாக்டர் சொன்ன முதல் வாக்கியத்தையும் மூன்றாவது வாக்கியத்தையும் ஒன்றாகக் கேட்கப் பழகிய பிறகு அந்தச் சந்தேகம் போய்விட்டது.

மனத்துக்குள் மல்லுக்கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 'குரங்கை நினைக்காமல் மருந்து குடி' என்று வைத்தியர் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். மருந்தை எடுக்கும்போதெல்லாம் குரங்குதான் வந்து நிற்கும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஏறக்குறைய இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, அடக்கி வைத்தவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது. துக்கமும் இப்படித்தான். 'அதையே நினைக்காதே' என்று சொன்னால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். 'ஆமாம், இப்படி நடந்துவிட்டது, வலிக்கிறது' என்று சொல்லிவிட்டால் வலி போய்விடாது. ஆனால் வலியோடு சண்டை போடும் அலுப்பாவது மிச்சம்.

நம்பிக்கைக்கு என்ன வேலை?

கடலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயில். முகூர்த்த நாளில் ஒரே நேரத்தில் எத்தனை கல்யாணம் நடக்கிறது என்று எண்ண முடியாத ஊர். வேதாந்த தேசிகர் பல வருஷம் வாழ்ந்ததும் அங்கேதான். இறைவனிடம் சரணடைவது எப்படி என்று வைணவத்தில் ஒரு பழைய விவாதம் உண்டு. குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய்தான் வாயில் கவ்விக்கொண்டு போகும். தேசிகரை ஆசாரியராகக் கொண்ட வடகலையார் குரங்குக்குட்டிக் கட்சி, தென்கலையார் பூனைக்குட்டிக் கட்சி. (மறுபடியும் குரங்கு, மன்னிக்கவும்.) தத்துவத்தில் யார் சரி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சொட்டு மருந்து விஷயத்தில் அம்மா குரங்குக்குட்டியாக இருந்திருக்க வேண்டும். போன பார்வையைப் பொறுத்தவரை பூனைக்குட்டியாக இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இதே மாவட்டத்தில் பரங்கிப்பேட்டையில் என் நண்பன் ஒருவன் இருக்கிறான். அம்மாவின் கதையைக் கேட்டதும் அவன் ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னான். ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு இறைவன் மேல் பாரத்தைப் போடலாமா என்று ஒருவர் கேட்டாராம். முதலில் கட்டு, அப்புறம் இறைவனிடம் ஒப்படை என்றாராம் நபிகள் நாயகம். ஒட்டகத்தையே பார்த்திராத எங்கள் கடற்கரைக்கும் அது பொருந்துகிறது. படகைக் கட்டிவிட்டுத்தானே கும்பிடுகிறோம்.

நம்பிக்கை உள்ளவர் முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு முதலில் கேட்டது, முடியுமானால் இந்தத் துன்பப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்றுதான். உம் சித்தப்படி ஆகட்டும் என்பது அதற்கு அடுத்துதான் வருகிறது. அப்பரின் முதல் பதிகமும் புகாரோடுதான் தொடங்குகிறது. எமனைப் போல வந்திருக்கும் இந்த வலியை ஏன் விலக்க மாட்டேன் என்கிறாய், நான் என்ன கொடுமை செய்தேன், எனக்குத் தெரியவில்லையே என்று கேட்கிறார். சாமியிடம் சண்டை போடலாம். பெரிய பெரிய ஆட்கள் போட்டிருக்கிறார்கள்.

அப்பர் எங்கள் பக்கத்து ஆள். பிறந்தது பண்ருட்டி அருகே திருவாமூர். சமணராகப் போய் இருந்தது பாடலிபுத்திரத்தில், அதாவது இந்தக் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில். சூலை நோய் வந்து துடித்து, திருவதிகையில் அக்காவிடம் வந்து, அங்கே பாடி, நோய் தீர்ந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. இந்தக் கதையை அம்மாவுக்கு ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவருக்குத் தீர்ந்துச்சு. எனக்கு?" என்று கேட்டுவிட்டார். என்னிடம் பதில் இல்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது, நான் தப்பான ஆளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்று. அந்த அக்கா திலகவதியார். அப்பா புகழனார் இறந்துபோகிறார். அம்மா மாதினியாரும் போய்விடுகிறார். நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போருக்குப் போய் அங்கேயே மாண்டுபோகிறார். நானும் சாகிறேன் என்கிறார் திலகவதியார். நீயும் போனால் நான் உனக்கு முன்னால் போய்விடுவேன் என்று தம்பி அழுகிறான். அவனுக்காக உயிரோடு இருக்கிறார். பிறகு அந்தத் தம்பியும் வேறு சமயம் தேடிப் போய்விடுகிறான். திலகவதியார் இழந்த எதுவும் திரும்பி வரவில்லை. அப்பா வரவில்லை, அம்மா வரவில்லை, கட்டிக்க இருந்தவரும் வரவில்லை. திருவதிகைக் கோயிலில் விடியுமுன் எழுந்து பெருக்குகிறார், சாணம் போட்டு மெழுகுகிறார், பூப்பறித்து மாலை கட்டுகிறார். வருஷக்கணக்காக. தம்பி வலியோடு வந்து விழுந்தபோது, திருநீறு எடுத்துக் கொடுக்க அக்கா அங்கே இருந்தார்.

நம்பிக்கைக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்டால் இந்தப் பெருக்குமாற்றைத்தான் காட்டுவேன். போனதை அது திருப்பித் தரவில்லை. காலையில் எழுந்து கைக்கு ஒரு வேலை கொடுத்தது. யாருக்காகவோ செய்கிறோம் என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

இதற்கு ஊர் முழுக்க ஒரு வடிவம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கரையோரக் குப்பங்களில்தான் அதிகம். ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் தேவனாம்பட்டினம் கரையில் பெண்கள் குடம் குடமாகப் பாலை எடுத்து வந்து கடலில் ஊற்றுகிறார்கள், பூவைத் தூவுகிறார்கள். பிள்ளையை வாரிக்கொண்ட அதே கடலில். மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வருவதும் அதே கரைக்குத்தான். வெளியூர்க்காரர் ஒருவர் என்னிடம், "இவங்களுக்குக் கடல் மேல கோபமே இல்லையா?" என்று கேட்டார். கோபம் இல்லாமல் என்ன. பால் ஊற்றும்போதே மண்ணை வாரித் தூற்றி அழுகிறவர்களைப் பார்க்கலாம். மறுநாள் காலையில் வீட்டு ஆண்கள் அதே கடலுக்குத் தொழிலுக்குப் போகிறார்கள். கோபமும் கும்பிடும் தொழிலும் ஒரே கரையில்தான் நடக்கின்றன.

இதிலும் ரொம்பக் கொடுமை, உடல் கிடைக்காமல் போனவர்கள் விஷயம். சுனாமியில் மட்டும் இல்லை, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எல்லா வருஷமும் உண்டு. பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். முடிவு தெரியாத இழப்பு என்று சொல்லலாம். சடலம் இல்லை, அதனால் 'போச்சு' என்ற சொல் வாயில் வர மறுக்கிறது. ஒருவரைப் பற்றி 7 வருஷம் எந்தத் தகவலும் இல்லை என்றால் இறந்ததாகக் கருதலாம் என்று சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. காகிதத்துக்கு அது போதும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிற மனைவிக்கு அது போதாது. 'ஏத்துக்கோ' என்ற சொல்லை அவர்களிடம் எடுத்துப் போகாமல் இருப்பதுதான் மரியாதை. அவர்களால் பாதி மனத்தோடு பாலை ஊற்ற முடிகிறது. அதுவே பெரிசு.

துக்கத்துக்கு ஐந்து படி இருக்கிறது, கடைசிப் படி ஏற்பு என்று எங்காவது படித்திருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியது அது. சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது. மாடிப்படி மாதிரி வரிசையாக ஏறி, மேலே போய் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டால் ஏமாந்து போவோம். அம்மா திங்கட்கிழமை ஏற்றுக்கொள்வார். செவ்வாய்க்கிழமை ஊசியில் நூல் கோக்க முடியாமல் அழுவார். அதனால் திங்கட்கிழமை பொய்யாகிவிடாது.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இந்த வழி அடைபட்டதா? இல்லை. ஆற்றில் போகும் தெப்பம் போல உயிர் போகிறது என்று பாடிய கணியன் பூங்குன்றனார் அந்தப் பாட்டில் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. முறை என்று மட்டும்தான் சொல்கிறார். வாசலைப் பெருக்குவதற்கும் சாமி கட்டாயம் இல்லை.

ஆரம்பிக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். உங்களை அரிக்கிற விஷயத்தை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அதற்குள் கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் சின்னதாக ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்கும். ஒரு சொட்டு மருந்து அளவுக்காவது இருக்கும். அதை இன்றைக்குச் செய்யுங்கள். அந்தப் பக்கம் இருப்பதை யாரிடமாவது சொல்லுங்கள். சாமியிடம் சொன்னாலும் சரி, சிநேகிதரிடம் சொன்னாலும் சரி. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினாலோ, அது தனியாகச் சுமக்கிற பாரம் இல்லை. 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

அம்மா இப்போது காலையில் விளக்கேற்றியதும் ஒரு தடவை, ராத்திரி சாமி அறைக் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு தடவை சொட்டு போட்டுக்கொள்கிறார். மருந்து பாட்டில் இருப்பது மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில். அங்கே வைத்தால்தான் மறக்காது என்று அவராகவே வைத்தது. கண் அழுத்தம் இப்போதைக்குக் கட்டுக்குள் இருக்கிறது. சமையல் அவர்தான். போன வாரம் நான் உதவி செய்கிறேன் என்று சமையல்கட்டை ஒழுங்குபடுத்தி, உப்பு ஜாடியைப் பார்வைக்கு நேராக, எடுக்க வசதியாக முன்னால் நகர்த்தி வைத்தேன். சாயங்காலம் குழம்பில் உப்பே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "கண்ணு போனதுக்குக் கை பழகிடுச்சு. நீ ஜாடியை இருந்த இடத்துல வை."